ரிக்கார்டோவை இன்னும் ஏன் படிக்கணும்? கன்னடியன் கால்வாய்க் குத்தகையை வைத்துச் சொல்ல முடியுமா?

வீரவநல்லூர் மாணவி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எம்.ஏ. பொருளியல் படிக்கிறேன். இந்த மாதக் கடைசியில் வகுப்பில் ஒரு கட்டுரை வாசிக்கணும். தலைப்பு, பொருளியல் சிந்தனையில் டேவிட் ரிக்கார்டோவின் எழுத்துகள் விட்டுச் சென்ற தாக்கம். பாடப்புத்தகத்தில் இருப்பதை எல்லாம் எழுதி முடித்துவிட்டேன். 1772இல் லண்டனில் பிறந்தது, பங்குத் தரகில் பெரும் பணம் சேர்த்தது, 1799இல் பாத் நகரில் ஆடம் ஸ்மித்தின் புத்தகம் கையில் கிடைத்து இந்தப் பக்கம் திரும்பியது, 1817இல் 'அரசியல் பொருளாதாரம், வரிவிதிப்பு ஆகியவற்றின் கோட்பாடுகள்', 1819இல் நாடாளுமன்றம், 1823இல் மரணம். வாசித்துப் பார்த்த மேடம், "எல்லாம் சரி, இதில் உன் ஊர் எங்கே?" என்று கேட்டுவிட்டார்.

ஊர் என்று யோசித்ததும் வீட்டுக் குத்தகைதான் நினைவுக்கு வந்தது. தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்கிறார். வாரம் (நிலத்துக்குக் கொடுக்கும் குத்தகை) கொடுப்பதால் தானிய விலை உயர்வதில்லை, தானிய விலை உயர்ந்திருப்பதால்தான் வாரம் கொடுக்கப்படுகிறது என்கிறார் ரிக்கார்டோ. ஆனால் எங்கள் பக்கம் நெல் விலை ஏறுகிற வேகத்தைவிடக் குத்தகை ஏறுகிற வேகம் அதிகம். இதைச் சொன்னால் அப்பா, "அந்த ஆளை ஒரு பிசானத்துக்கு இங்கன வந்து வெள்ளாமை பண்ணச் சொல்லு" என்று சிரிக்கிறார். (பிசானம் எங்கள் பக்கத்து நெல் பருவம்.)

இன்னொன்று. ராதாபுரம் பக்கம் மாமாவுக்குப் புஞ்சை இருக்கிறது. பயிர் செய்ய யாரும் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். ஆனால் காற்றாலைக்காரர்கள் வந்து நல்ல விலை பேசினார்கள். 'மண்ணின் அழியாத இயற்கைச் சக்தி'க்குக் கொடுப்பதுதான் வாரம் என்றால் இந்தப் பணம் எதற்கு?

ரிக்கார்டோ தப்பா, நான் புரிந்துகொண்டது தப்பா?

---

பேட்டை அரிசிக்கடை:

தங்கச்சி, நான் பி.காம் பாதியில விட்டவன். எனக்குத் தெரிஞ்ச ரிக்கார்டோ துணியும் ஒயினும்தான். குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்துல 100 ஆள், ஒயினுக்கு 120 ஆள். போர்ச்சுக்கல்ல துணிக்கு 90, ஒயினுக்கு 80. ரெண்டையுமே போர்ச்சுக்கல்காரன்தான் கொறைச்ச ஆளை வச்சு முடிக்கான். அப்பொறம் எதுக்கு அவன் இங்கிலாந்துத் துணியை வாங்கணும்னு அன்னைக்கு வாத்தியார்ட்ட கேட்டேன். உக்காருன்னுட்டாரு.

உனக்கு ஊர்தானே வேணும்? நெல்லை வேலியா வச்ச ஊர்னு பேரு. என் கடையில பாதி மூட்டை கர்நாடகாவும் ஆந்திராவும். இதை எழுது.

---

ஓய்வு பெற்ற கிராம நிர்வாகி:

அரிசிக்கடைத் தம்பிக்கு முதல்ல பதில் சொல்லிட்டு வாறேன், வாத்தியார் சொல்லாமப் போனதை. போர்ச்சுக்கல் 80 ஆள் உழைப்புல ஒயினைச் செஞ்சு அனுப்புது. பதிலுக்கு வர்ற துணியைத் தானே நெய்தா 90 ஆள் வேணும். பத்து ஆள் மிச்சம். இங்கிலாந்து 100 ஆள் நெய்த துணியை அனுப்பி, தன் ஊர்ல 120 ஆள் கேக்கக்கூடிய ஒயினை வாங்குது. இருவது மிச்சம். ரெண்டு பேருக்கும் லாபம். யார் கெட்டிக்காரன்னு இங்க கேள்வியே இல்ல. அவனவனுக்கு எதைச் செய்யாம விட்டா நட்டம் அதிகம்கிறதுதான் கேள்வி. சமூக அறிவியல்ல உண்மையாவும் இருக்கணும், பார்த்தவுடனே தெரியாததாவும் இருக்கணும், அப்படி ஒண்ணு காட்டும்னு உலாம்ங்கிற கணித மேதை கேட்டப்போ, பொருளாதார அறிஞர் சாமுவேல்சன் யோசிச்சு யோசிச்சு இதைத்தான் காட்டினாராம். ஒண்ணை மட்டும் மறந்துறாதீங்க. முதலாளி தன் முதலைத் தூக்கிக்கிட்டு அடுத்த நாட்டுக்கு லேசுல போகமாட்டான்னு வச்சுத்தான் ரிக்கார்டோ இந்தக் கணக்கைப் போட்டாரு. இன்னைக்கு அந்த இடத்துலதான் சண்டையே நடக்கு.

இப்ப உனக்கு வாறேன் தாயி. வியாபாரத்தை விடு, எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க. வாரத்தை எடு. நம்ம மாவட்டத்து ஆளுக்கு ரிக்கார்டோ கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கிறது அங்கதான்.

நான் சர்வீஸ்ல சேர்ந்தது கர்ணம், மணியம் எல்லாத்தையும் 1980ல ஒழிச்சு, எங்களைக் கிராம நிர்வாக அலுவலர்னு போட்ட பிறகு. பொருளாதாரம் அஞ்சல் வழியில படிச்சேன். பகல்ல அ-பதிவேடு (ஊர் நிலப் பதிவேடு), ராத்திரி ரிக்கார்டோ. ரெண்டும் ஒரே விஷயத்தைத்தான் பேசுதுன்னு ஒரு ஜமாபந்தி (வருசாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை) சமயத்துலதான் எனக்கு உறைச்சுது.

அ-பதிவேட்டை நீ இணையத்துலேயே பாக்கலாம். நன்செய்யா புன்செய்யா, பாசன ஆதாரம் என்ன, இருபோகமான்னு வரிசையா வரும். அப்புறம் 'மண் வயனமும் ரகமும்'னு ஒரு கட்டம், அதுக்கு அடுத்து 'தரம்', அதுக்கு அடுத்து தீர்வை. இந்த மூணு கட்டத்தையும் சேர்த்து வாசி. மண்ணு எப்படி, அதனால என்ன தரம், அதனால என்ன தீர்வை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிற்பாதியில சென்னை மாகாணத்துல நிலவரித் திட்டம் போட்டவங்க என்ன செஞ்சாங்கன்னா, ஒவ்வொரு தர நிலத்துலயும் அறுத்து அளந்து பார்த்து விளைச்சலைக் கணிச்சாங்க. அதைச் சராசரி விலையால பணமாக்கினாங்க. ஏவாரி லாபம், வண்டிக்கூலி, மழை பொய்ச்ச வருசம்னு கொஞ்சம் தள்ளினாங்க. சாகுபடிச் செலவைக் கழிச்சாங்க. மிச்சம் நிக்கிறதுல பாதி சர்க்காருக்கு. முப்பது வருசத்துக்கு ஒருக்கா மறுபடி பார்க்கிறது.

செலவு போக மிச்சம் நிக்குதே, அதுதான் ரிக்கார்டோவோட வாரம்.

அவரு புத்தகத்து ரெண்டாம் அத்தியாயத்துல மூணு நிலம் வருது. ஒரே முதல், ஒரே உழைப்பு. ஒண்ணாம் நம்பர்ல 100 குவார்ட்டர் (அந்தக் காலத்து இங்கிலாந்துத் தானிய அளவு) தானியம், ரெண்டாம் நம்பர்ல 90, மூணாம் நம்பர்ல 80. ஊர்ல சனம் கொறைவா இருக்கிற வரைக்கும் ஒண்ணாம் நம்பரே போதும், யாரும் யாருக்கும் வாரம் கொடுக்க மாட்டான். சனம் பெருகி ரெண்டாம் நம்பரை உழ வேண்டி வந்ததும் ஒண்ணாம் நம்பருக்கு 10 வாரம் பிறக்கு. மூணாம் நம்பருக்கும் போனா முதலாவதுக்கு 20, ரெண்டாவதுக்கு 10. மூணாவதுக்கு ஒண்ணுமில்ல. இதுல நல்ல நிலத்துக்காரன் புதுசா ஒரு வேலையும் பார்க்கல, பாத்தியா? அவன் வீட்டுத் திண்ணையில உக்காந்திருக்கான், அவன் பங்கு ஏறிக்கிட்டே போகு.

நம்ம ஊர்க் கணக்கா ஆக்கிப் பாரு. இது விளங்குறதுக்காக நான் போடுத எண்ணிக்கை, ஒப்பந்தம் இல்ல. கன்னடியன் கால்வாய்த் தலைமடையில ஏக்கருக்கு 30 மூட்டை, நடுவுல 24, கடைமடையில 18. சாகுபடிச் செலவு மூணு இடத்துலயும் 18 மூட்டை பெறும். கடைமடைக்காரன் பாடு சரியாப் போச்சு, மிச்சம் இல்ல. அவன் இல்லாம ஊர்ச் சோத்துக்குப் பத்தாது, அதனால விலை அவன் செலவுக்குக் கீழ இறங்க முடியாது. விலையைத் தீர்மானிக்கிறவன் அவன். அந்த விலையில தலைமடையில 12 மூட்டை மிஞ்சும். தலைமடைக் குத்தகை அந்தப் பன்னெண்டுதான். நிலத்துச் சொந்தக்காரன் அதைக் கேட்டாலும் கேக்காட்டாலும் நெல் விலை மாறாது. கேக்காட்டா அது உங்கப்பா கைக்கு வரும், அவ்வளவுதான்.

ரிக்கார்டோ விட்டுட்டுப் போனது என்னன்னு என்னைக் கேட்டா, கணக்கைக் கடைமடையில இருந்து தொடங்குன்னு சொன்னதுதான். அதுக்கு முன்னாடி எல்லாரும் தலைமடையில நின்னுக்கிட்டு இந்த நிலம் எவ்வளவு கொழுப்புன்னு பார்த்தாங்க. இவரு ஆகக் கடைசி ஆளைப் பார்த்து, அங்க இருந்து மேல மேல அளந்துக்கிட்டு வந்தாரு. பின்னால வந்தவங்க நிலத்தை மட்டுமில்ல, கூலி, வட்டி, விலைன்னு எல்லாத்தையும் இப்படிக் கடைசி அலகுல வச்சே அளந்தாங்க. நீ படிக்கிற 'இறுதிநிலை' வரைகோடுக்கெல்லாம் அடியில இந்தக் கடைமடைக்காரன்தான் நிக்கான்.

அன்னைக்கு லண்டன்ல இதை எதுக்குப் பயன்படுத்தினாருன்னும் எழுது. 1815ல தானியச் சட்டம் வந்துச்சு. உள்ளூர்க் கோதுமை விலை குவார்ட்டருக்கு 80 ஷில்லிங் தொடுற வரைக்கும் வெளிநாட்டுக் கோதுமை உள்ள வரக்கூடாது. வரலைன்னா மோசமான நிலத்தையும் உழணும், விலை ஏறும், வாரம் ஏறும், கூலி ஏறும், தொழில் பண்ணுறவன் லாபம் கரையும். முழு லாபமும் நிலக்கிழார் மடியிலன்னு அதே வருசம் எழுதினாரு. எழுதினப்போ அவரே கேட்கம் பார்க்ல பெரிய பண்ணை வாங்கி வச்சிருந்தாருங்கிறதைக் கவனி. சட்டம் 1846லதான் போச்சு, அவரு செத்து இருவது வருசத்துக்கு மேல.

இனி உன் ரெண்டு கேள்வி.

உங்கப்பா சொல்லுதது சரி. ரிக்கார்டோவுக்கு நிலம்னா ஒரே பயிர், தானியம். அந்த உலகத்துல நெல் விலைதான் குத்தகையை ஏத்தும். ஆனா உங்க பக்கத்துல இப்ப குத்தகையைத் தீர்மானிக்கிறது நெல்லா? வாழை. தண்ணி நிக்காத மேட்டு வயலா, ரோட்டோரமா லாரி வந்து நிக்குத இடமா இருந்தா வாழை வைக்கிறவன் வந்து ஒரு தொகை சொல்லுவான். நெல்லு போடுத உங்கப்பா அந்தத் தொகையைத் தொட்டாத்தான் நிலம் அவருக்கு. அப்போ அவரைப் பொறுத்தவரைக்கும் குத்தகை மிச்சம் இல்ல, செலவு. இதை 1879ல ஜெவன்ஸ்ங்கிற பொருளாதார அறிஞர் தன் புத்தக முன்னுரையில பிடிச்சுட்டாரு. மேய்ச்சலுக்கு விட்டா ரெண்டு பவுன் தரக்கூடிய நிலத்தை உழுது கோதுமை போட்டா, அந்த ரெண்டு பவுனைக் கோதுமைச் செலவுல எழுத வேண்டாமான்னு கேட்டாரு. அதே முன்னுரையிலதான் ரிக்கார்டோ பொருளாதாரத்தைத் தப்பான தண்டவாளத்துல திருப்பி விட்டுட்டாருன்னு திட்டவும் செஞ்சாரு. ஆக ஊர் முழுசுக்கும் நிலத்தை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தா வாரம் மிச்சம், ஒரு பயிருக்கு மட்டும் பார்த்தா செலவு. ரெண்டு வரியா எழுதிரு, கட்டுரை நின்னுக்கும்.

மாமா புஞ்சை இன்னும் நல்ல உதாரணம். பணகுடி, ராதாபுரம், அந்தப் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வர்ற காத்து தென்மேற்குப் பருவத்துல ஆளையே தள்ளும். எங்க பதிவேட்டுல அந்த நிலமெல்லாம் கடைசித் தரம், தீர்வை பைசாக் கணக்கு. பயிருக்கு அது மூணாம் நம்பர்கூட இல்ல, முப்பதாம் நம்பர். மின்சாரத்துக்கு அதுதான் ஒண்ணாம் நம்பர். காத்து கொறைஞ்ச இடத்துல நட்ட ஆலைக்கும் இங்க நட்ட ஆலைக்கும் செலவு ஏறத்தாழ ஒண்ணு, ஓடுறதுல வித்தியாசம். அந்த வித்தியாசம்தான் மாமாகிட்ட பேசின விலை. மண்ணோட சக்திங்கிற பேச்சை எடுத்துட்டு, 'இடத்தோட சக்தி'ன்னு வச்சுக்கோ. கணக்கு அப்படியே ஓடும். நாலுவழிச்சாலை ஓரத்துல மனை வாங்கிப் போடுறவனும் தெரியாமலே இதைத்தான் செய்யுதான்.

---

தென்காசி ஆசிரியர்:

அண்ணாச்சி, எழுத்து அருமை. ஆனால் மாணவி இதை அப்படியே வாசித்தால் கேள்வி வரும் என்பதால் இரண்டு திருத்தம்.

நிலத்தைத் தரம் பிரிப்பது ரிக்கார்டோ கொண்டுவந்ததல்ல. சோழர் கல்வெட்டுகளிலேயே நிலத்துக்குத் தரம் உண்டு, தரம் போடாத நிலத்துக்குத் 'தரமிலி' என்ற பெயரும் உண்டு. ரயத்துவாரியும் (உழவரிடமே நேராக வரி வாங்கும் முறை) அவருக்கு முந்தியது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பாராமகாலில் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) அதைத் தொடங்கியது 1792க்குப் பிறகு. அப்போது ரிக்கார்டோ லண்டன் பங்குச் சந்தையில் இருந்தார்.

வாரக் கோட்பாடும் அவர் ஒருவருக்கே உரியதல்ல. ஜேம்ஸ் ஆண்டர்சன் 1777லேயே சொல்லிவிட்டார். 1815இல் மால்தஸ், எட்வர்ட் வெஸ்ட், ரிக்கார்டோ மூவரும் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து வெளியிட்டார்கள். தாக்கம் என்பது முதலில் சொன்னவருக்குப் போவதில்லை என்பதற்கே இது நல்ல சான்று. பொருளியலாளர் கெய்ன்ஸ் 1936இல் எரிச்சலோடு எழுதியது நினைவிருக்கும்: ஸ்பெயினைப் புனித விசாரணை மன்றம் பிடித்ததுபோல இங்கிலாந்தை ரிக்கார்டோ முழுக்கப் பிடித்துவிட்டார் என்று. மால்தஸின் வழியில் போயிருந்தால் உலகம் எவ்வளவோ தேறியிருக்கும் என்பது கெய்ன்ஸ் கட்சி. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை.

---

ஓய்வு பெற்ற கிராம நிர்வாகி:

சார், தரத்தை ரிக்கார்டோ கொண்டாந்தாருன்னு நான் எழுதல. தரம் ராசராசன் காலத்துச் சரக்கு, ஒத்துக்கிடுதேன். ஆனா அவன் எதுக்கு அந்த வரியை எடுத்தான்னு கேட்டா ராசா எடுத்தான், அவ்வளவுதான் பதில். ஏன் எடுக்கலாம், எவ்வளவு எடுத்தா பயிர்த்தொழில் படுக்காது, விலை ஏறாதுங்கிற நியாயம் பின்னால வந்தது. அது வந்த வழியும் தெரியும். ரிக்கார்டோவைப் பிடிச்சுத் தள்ளிப் புத்தகம் எழுத வச்ச சிநேகிதன் ஜேம்ஸ் மில். அந்த மில் 1819ல கிழக்கிந்தியக் கம்பெனி தலைமையகத்துல வேலைக்குச் சேர்ந்து, வருவாய்க் கடிதங்களை எழுதுத இடத்துல உக்காந்தாரு. நில வாரத்தை அரசாங்கம் எடுத்தா உழவனுக்கும் நட்டமில்ல, விலையும் ஏறாது, இதைவிட நல்ல வரி கிடையாதுன்னு 1831ல நாடாளுமன்றக் குழு முன்னாடியே சொன்னாரு. ஹெய்லிபரி கல்லூரியில கம்பெனி அதிகாரிகளுக்குப் பாடம் எடுத்ததோ மால்தஸ்.

கணக்குப் போடுறது வேற, வசூல் பண்ணுறது வேறன்னு மாணவி சேர்த்துக்கணும். அந்தக் கல்லூரியில படிச்ச பிரிங்கிள்னு ஒருத்தர், 1820கள் கடைசியில புனே பக்கம் இந்த வாரக் கணக்கை அப்படியே நிலத்துல இறக்கினாரு. நிகர விளைச்சல்ல 55 விழுக்காடு வரின்னு. காகிதத்துல பிசகில்ல. ஆனா எந்த வயல்ல எவ்வளவு விளையும், எவ்வளவு செலவுன்னு கீழ இருக்கிறவன் எழுதிக் கொடுத்ததுதானே கணக்கு? அந்தக் கணக்கு பொய். வரி கட்ட முடியாம சனம் நிலத்தைப் போட்டுட்டுப் போச்சு. 1835ல இருந்து கோல்ட்ஸ்மிட், விங்கேட்னு ரெண்டு அதிகாரிங்க கோட்பாட்டை மூட்டை கட்டிட்டு, பழைய வசூலையும் மண்ணையும் பார்த்து முதல்ல இருந்து போட்டாங்க. அடங்கல் (ஊர்ப் பயிர்க் கணக்கு) எழுதுனவனுக்கு இது விளங்கும். வயலைப் பாக்காம ஆபீஸ்ல இருந்துக்கிட்டு எழுதுன அடங்கலை நானும் நெறைய பாத்திருக்கேன்.

---

களக்காடு பாட்டாளி:

எல்லாரும் நிலத்துக்காரனைப் பத்தியே பேசுதீங்க. நெல்லறுக்குற மிஷின் வந்த பிறகு எங்க தெருப் பொம்பளைகளுக்கு அறுப்பு வேலை போச்சு. கூலியாக் கொத்து (நெல்லு) அளக்கிறதும் போச்சு. உங்க ரிக்கார்டோ இதுக்கு என்ன சொன்னாரு?

---

தென்காசி ஆசிரியர்:

சொன்னார். அதுவும் தன் பழைய கருத்தை எல்லோர் முன்னாலும் மாற்றிக்கொண்டு சொன்னார். எந்திரம் வந்தால் எல்லோருக்கும் நன்மை என்றுதான் முதலில் நினைத்திருந்தார். 1821இல் வந்த மூன்றாம் பதிப்பில் 'எந்திரங்கள்' என்று புது அத்தியாயமே சேர்த்தார். எந்திரம் தங்களைப் பாதிக்கிறது என்று உழைப்பாளிகள் நினைப்பது அறியாமையோ தப்பெண்ணமோ அல்ல, பொருளியல் விதிகளோடு ஒத்துப்போவதுதான் என்று அதில் எழுதினார். அவரைப் பின்பற்றியவர்களுக்கே அது அதிர்ச்சி. பொருளின் மதிப்பை உழைப்பைக் கொண்டு அளந்த அவர் எழுத்தையும் இந்த அத்தியாயத்தையும் மார்க்ஸ் எடுத்துக்கொண்டு எங்கே போனார் என்பது உங்களுக்கே தெரியும். தரகர் எழுதியதைச் சந்தைக்காரரும் எடுத்தார், பொதுவுடைமைக்காரரும் எடுத்தார். அவர் எழுத்துகளைப் பொருளியலாளர் ஸ்ராஃபா தொகுத்து 1951 முதல் வெளியிட்டதற்குப் பிறகு இன்னொரு கூட்டம் கிளம்பியது.

ஆனால் எந்திரத்தைத் தடுக்கச் சொன்னாரா என்றால் இல்லை. தடுத்தால் முதலீடு வெளிநாட்டுக்குப் போய்விடும் என்று அதே அத்தியாயத்தில் சொல்கிறார்.

---

களக்காடு பாட்டாளி:

வேலை போகும்னு ஒத்துக்கிட்டாரு, என்ன செய்யணும்னு சொல்லல. சரி.

---

வீரவநல்லூர் மாணவி:

ரொம்ப நன்றி. வாழை விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "இதை நான் நாலு வருசமாச் சொல்லுதேன், எனக்கு யாரும் பட்டம் தரல" என்றார். கட்டுரையை வாரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பிரிங்கிள் கதையையும், எந்திர அத்தியாயத்தையும் ஆளுக்கு ஒரு பத்தி. ஒரே கால்வாயில் மேலே ஓர் ஊர், கீழே ஓர் ஊர் எடுத்துத் தரத்தையும் குத்தகையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஓர் அட்டவணை காட்டலாமா அண்ணாச்சி?

---

ஓய்வு பெற்ற கிராம நிர்வாகி:

காட்டு. கல்லிடைக்குறிச்சி பக்கம் ஒண்ணு எடு, கீழ பத்தமடை தாண்டி ஒண்ணு எடு. புல எண் தெரிஞ்சா அ-பதிவேட்டுல இருந்து பாசன ஆதாரம், இருபோகமா, மண் வயனமும் ரகமும், தரம், தீர்வை, இந்த அஞ்சையும் எழுதிக்கோ. தீர்வைத் தொகையைப் பார்த்துட்டுச் சிரிக்காத, அது பழைய காலத்து நிர்ணயத்துல நின்னுபோனது. தரத்துக்குத் தரம் உள்ள இடைவெளியை மட்டும் பாரு.

ஒரே தரம் போட்ட ரெண்டு வயலுக்குக் குத்தகை வேற வேறயா வந்தா தப்புன்னு நினைச்சு அழிச்சிராத. நடுவுல ரோடு வந்திருக்கும், இல்ல ஒருத்தன் போர் போட்டிருப்பான். அதையும் பக்கத்துல எழுது.

குத்தகைத் தொகையைப் பதிவேட்டுல தேடாத. பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான், எழுத்துல இருக்காது. உங்கப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போயி டீக்கடையில கேளு. நீ தனியாப் போயி நோட்டை விரிச்சீன்னா, தாலுகா ஆபீஸ்ல இருந்து வந்திருக்கான்னு நினைச்சு எல்லாரும் பாதியாத்தான் சொல்லுவாங்க.